‘அவன்’ வேண்டாம், ‘அவள்’ வேண்டாம் என்கிற நண்பரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: கல்லூரியிலிருந்து ‘வாடா போடா’ என்று பழகிய நண்பர் ஒருவர், தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஹி’, ‘ஷி’க்குப் பதில் ‘தே’ (they) போட்டுச் சமாளிக்கிறேன். தமிழில் என்ன செய்வது? தமிழ் இதற்கு இடம் கொடுக்குமா?

பதில்:

கொடுக்கும். சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தாராளமாக, சில இடங்களில் ரொம்பக் கஞ்சத்தனமாக. முடியாது என்பவர்கள் பெரும்பாலும் முயன்று பார்க்காதவர்கள். ‘என்னை இப்படிச் சொல்லுங்கள்’ என்று நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கும் ஆள் என்ற முறையில் எழுதுகிறேன். என் கதை உங்களுக்கு வேண்டாம், வேலைக்கு ஆவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நான், நீ, நாங்கள், நீங்கள் எதிலும் பால் கிடையாது. வந்தேன், வந்தாய், வந்தீர்கள் எதிலும் கிடையாது. இந்தியில் ‘நான் வந்தேன்’ என்று சொல்வதற்கே ஆணா பெண்ணா என்று வினையில் காட்டியாக வேண்டும். தமிழ் அதைக் கேட்பதில்லை. ஆக, நண்பர் எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை, அந்த ‘டா’வைத் தவிர (அதற்குக் கடைசியில் வருகிறேன்). சிக்கல் முழுக்க அவர் அந்த இடத்தில் இல்லாதபோது, படர்க்கையில். அங்கே ‘அவன்’ என்பதை விழுங்கிவிட்டாலும் ‘வந்தான்’ காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. இங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் வினைமுற்றின் வாலை மாற்ற வேண்டும்.

எழுத்தில் விடை சுலபம்: அவர், வந்தார். பேச்சில்தான் நுணுக்கம். பல ஊர்களில் ‘அவரு வந்தாரு’ என்றால் காதில் விழுவது ஓர் ஆண். ‘அவங்க வந்தாங்க’ என்றால் மரியாதைக்குரிய பெண், அல்லது பலர். தாளில் பொதுவாக நிற்கும் ‘அவர்’ வாயில் வந்ததும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதனால் எழுத்தில் ‘அவர்’, பேச்சில் ‘அவங்க’ என்று வைத்துக்கொள்பவர்கள் நிறைய. பெண் சாயல் வேண்டாம் என்று ‘அவரு’ கேட்பவர்களும் உண்டு. நீங்களாக முடிவு செய்யாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எழுத்தில் எது, பேச்சில் எது, யார் முன்னால் எது. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவராக இருந்தால், நீங்கள் அவர் அம்மாவிடம் ‘முகில் வந்தாங்களா?’ என்று கேட்பது உதவி ஆகாது, போட்டுக்கொடுப்பது ஆகும். (முகில் என்பது எடுத்துக்காட்டுக்கு.)

அதிகம் நடக்கும் தவறு ‘அவங்க நேத்து வந்தான்’. சிரிக்காதீர்கள், எல்லாரும் செய்வதுதான். பெயரை யோசித்துச் சொல்கிறோம், வினையின் வால் பழக்கத்தில் வருகிறது. ஆகவே பயிற்சியைப் பெயரில் தொடங்காதீர்கள், வினையில் தொடங்குங்கள். ஒருவரைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் வினைகள் கொஞ்சம்தான்: சொன்னாங்க, வந்தாங்க, போனாங்க, கேட்டாங்க, இருக்காங்க. இந்த ஐந்தும் நாக்கில் படிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நண்பரோடு நடந்த பழைய சம்பவம் ஒன்றை எடுத்து, தனியாக இருக்கும்போது வாய்விட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயன்படாது, வால் வாயில்தான் இருக்கிறது. வினை கடைசியில் வரும் மொழி என்பதால் ஒரு வாக்கியத்தின் நேரம் முழுக்க யோசிக்கக் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை.

தவறிவிட்டால் ‘வந்தான்... வந்தாங்க, அப்புறம்’ என்று அங்கேயே மாற்றிவிட்டு மேலே போங்கள். ‘ஐயோ மன்னிச்சிடு, எனக்குப் பழகவே மாட்டேங்குது’ என்று ஐந்து நிமிடம் புலம்பினால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

அடுத்த சிக்கல் ஒருமை, பன்மை. ‘முகில் வீட்டுக்குப் போனேன், அவங்க சாப்பிடச் சொன்னாங்க.’ சொன்னது முகிலா, வீட்டாரா? இந்த மாதிரி இடத்தில் பெயரையே திரும்பச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு ‘வீட்ல எல்லாரும்’ என்று போடுங்கள். எழுத்தில் அவர், அவர்கள் என்று பிரிந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் வரும். அது ‘தே’ என்றால் பல நேரம் ‘அவர்கள்’ போட்டுவிடுகிறது. கதையில் தனியாக அழும் ஒருவர் தமிழ்த் துணையுரையில் (சப்டைட்டில்) ‘அவர்கள் அழுதார்கள்’ என்று கூட்டமாகிவிடுகிறார். காசு வாங்கிக்கொண்டு துணையுரை எழுதுபவர்களாவது ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எதையும் காட்டிக்கொள்ளக் கூடாத இடத்துக்கு வேறு வழி இருக்கிறது, வாலே இல்லாத வினைகள். தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியும், இல்லை, உண்டு இவற்றில் பால் இல்லை. ‘முகிலுக்குத் தெரியும்’, ‘முகிலுக்கு நாளைக்கு வேலையாம்’, ‘முகில் இன்னும் வரலை’ எல்லாம் சுத்தம். ஒன்றைக் கவனியுங்கள்: ‘வரவில்லை’யில் பால் இல்லை, ‘வரமாட்டான், வரமாட்டாள்’ என்பதில் இருக்கிறது. அதனால் எதிர்கால மறுப்பு வந்தால் ‘வர முடியாதாம்’ என்று திருப்பிக்கொள்ளுங்கள். எச்சங்களும் பாதுகாப்பானவை: முகில் எழுதிய கடிதம், முகில் சொன்னபடி. பேச்சில் ‘முகில் வந்தாச்சு’, ‘சாப்பிட்டாச்சா’ இருக்கவே இருக்கிறது. நீயா நீங்களா என்று தெரியாத சொந்தக்காரரிடம் ‘எப்ப வந்தது?’ என்று கேட்டுத் தப்பிப்போமே, அதே தந்திரம். ஆனால் இதை மூன்று நான்கு வாக்கியத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். தவிர, தன்னை எந்தச் சொல்லாலும் குறிப்பிடாமல் நழுவுகிறார்கள் என்பது கேட்பவருக்குக் கட்டாயம் தெரியும்.

‘அது’ பற்றி. செல்லத் தங்கையைப் பற்றி ‘அது தூங்கிருச்சு’ என்பது பாசம். அதே ‘அது’வைத் தெருவில் ஒரு திருநரைப் பார்த்துச் சொன்னால் காறித் துப்புவது. சொல் ஒன்றுதான், அடி வேறு. அவராகக் கேட்டாலொழிய வேண்டாம்.

பெயர்ச்சொற்களில் பாதி ஏற்கெனவே தயார்: நண்பர், தோழர், மாணவர், மருத்துவர், எழுத்தாளர், ஒருவர், பேச்சில் ஒருத்தர். ‘நடிகர்’ மட்டும் தகராறு. ‘நடிகை’ தனியாக நிற்பதால் ‘நடிகர்’ ஆண் பக்கம் போய்விடுகிறது. மகன், மகள் என்பதற்குப் பதிலாகப் பிள்ளை: ‘எங்க மூத்த பிள்ளை’. அழைப்பிதழில் ‘முகில் அவர்கள்’ என்றோ ‘திருமிகு முகில்’ என்றோ போடலாம். திரு, திருமதி, செல்வி என்று மூன்று கட்டம் வைத்திருக்கும் படிவங்களைப் பற்றி என்ன சொல்ல? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் கல்யாணக் கணக்குப் பார்த்து இரண்டு. எங்களுக்கு இடம் இல்லை என்பதற்கு முன்னால் பெண்களே அந்தப் படிவத்தைக் கிழித்திருக்க வேண்டும்.

உறவுப் பெயரில்தான் தமிழ் கையை விரிக்கிறது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நான்கு பெட்டி, ஒவ்வொன்றிலும் வயதும் பாலும் சேர்ந்தே பூட்டியிருக்கும். இளையவர் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். மூத்தவரைப் பெயர் சொல்ல முடியாது, பொதுச்சொல்லும் கிடையாது. வீட்டுக் குழந்தைகளுக்கு அவர் சித்தப்பாவா சித்தியா என்பதற்கும் இதே கதை. நடைமுறையில் எடுபடுவது செல்லப்பெயர் ஒன்றுதான், அதையும் குழந்தைகளிடம் விட்டால் அவர்களே ஒன்று வைத்துவிடுவார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து ஆலோசித்து உருவாக்கிய புதுச்சொல் பொதுவாக ஒரு வாரம் தாங்காது.

அடையாளத்துக்கான சொல்லிலும் கவனம் வேண்டும். திருநங்கை, திருநம்பி, இரண்டையும் உள்ளடக்கிய திருநர் இவை பரவலாகிவிட்டன. இடைப்பால் என்பது உடற்கூறு பற்றியது, வேறு விஷயம். ‘மூன்றாம் பாலினம்’ 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் செய்திகளில் நிலைத்துவிட்டது, ஆனால் முதலிடம் யாருக்கு, இரண்டாமிடம் யாருக்கு என்று கேட்பவர்கள் அதை விரும்புவதில்லை. ஆண், பெண் என்ற இருமைக்கு வெளியே இருப்பவர்களில் பலர் ‘நான்பைனரி’ என்றே சொல்கிறார்கள். அதை எழுதும்போது இடைவெளி விடாதீர்கள். ‘நான் பைனரி’ என்று பிரித்து எழுதினால், ‘நான் இருமைக்குள் இருப்பவர்’ என்று சொல்ல வந்ததற்கு நேர் எதிராகிவிடும்.

தமிழைக் கெடுக்கிறோம் என்று யாராவது வருவார்கள். வரட்டும். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதாவது அமைச்சருக்கு நீங்கள் போடும் ‘அவர் வந்தார்’ ஒரு காலத்தில் வழக்கினால் நுழைந்த விருந்தாளிதான். ‘ஒருவர்’ என்ற சொல் இரு பாலுக்கும் உரியது, பன்மை வினை ஏற்கும் என்பதும் அதே நூலில் இருக்கிறது. நன்னூல், பேடு (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவருக்கான பழைய சொல்) என்ற சொல் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வரும், அஃறிணை போலவும் வரும் என்கிறது. அந்தச் சொல்லை இன்று யாரும் விரும்பமாட்டோம், அது வேறு. ஆனால் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்பது இலக்கணக்காரர்களுக்குத் தெரியாத செய்தி இல்லை.

இன்னொரு எரிச்சலையும் இறக்கி வைத்துவிடுகிறேன். ‘சின்னப் பையனுக்கு எதுக்கு அவர், இவர்னு மரியாதை’ என்று கேட்பவர்கள்தான், தங்களைவிட இருபது வயது மூத்த காவலாளியை ‘வந்தான், போனான்’ என்கிறார்கள். அதிகாரி வந்தால் அதே வாயில் ‘வந்தார்’ தானாக வருகிறது. யாருக்கு எந்த வால் என்று நொடியில் மாற்றத் தெரிந்தவர்களுக்கு எங்களிடம் மட்டும்தான் இலக்கணம் இடிக்கும்.

இனி ‘டா’. ‘டி’ ஆண்களிடம் போகாது, ‘டா’ இப்போது தோழிகளுக்குள்ளும் ஓடுகிறது. அதனால் அது பழையபடி முழு ஆண் சொல் இல்லை. சிலருக்கு ‘டா’ போனால் நட்பே போனமாதிரி, திடீரென்று ‘நீங்க, வாங்க’ என்று தள்ளி நிறுத்தியதுபோல. சிலருக்கு ஒவ்வொரு ‘டா’வும் முள். கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் ‘வா, உட்காரு’ என்று ஒருமையிலேயே பேசலாம், ‘டா’ மட்டும் உதிரட்டும். ‘சொல்லுப்பா’ என்பது பல வட்டாரங்களில் எல்லாருக்கும் பொது, அதையும் கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் வாக்கியம் நொண்டும். ‘வா’ என்று நிறுத்திவிட்டு, வராத அந்த எழுத்துக்காக இரண்டு பேரும் காத்திருப்பீர்கள்.