ஃபீடிங் பிரா: எண்ணை மட்டும் கூட்டினால் போதாது

ஈரோட்டுப் பக்கம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன இதழில் பால் கட்டிக்கொள்வதைப் பற்றி எழுதியபோது, இறுக்கமான உள்ளாடை வேண்டாம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை. டாக்டரிடமும் கேட்பதில்லை, கடையிலும் வாய் திறப்பதில்லை, அம்மாவிடம் கேட்கவும் கூச்சம். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஏழாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே 34 தான் போடுகிறேன். இப்போது கழற்றினால் மார்புக்குக் கீழே சுற்றிலும் சிவப்பாகத் தடம் தெரிகிறது. கடையில் ‘38 போடுங்க, ஃப்ரீயா இருக்கும்’ என்று கொடுத்தார்கள். அது முதுகில் மேலே ஏறிக்கொள்கிறது, தோளும் வலிக்கிறது. ஃபீடிங் பிராவை இப்போதே வாங்கலாமா? எத்தனை வேண்டும்?
— வாசகி, கரூர்

அம்மணி, உங்கள் தோள்வலிக்குக் காரணம் அந்த 38 தான். பிராவில் கனத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை. தோள்பட்டை வார் சும்மா துணைக்குத்தான். பட்டை தொளதொளவென்று இருந்தால் அது முதுகில் ஏறும், முன்பக்கம் இறங்கும், மொத்தக் கனமும் தோளில் விழும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நடக்கிறது. மார்பு பெருத்தால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறோம். கூட்ட வேண்டியது பெரும்பாலும் எழுத்தை.

அதாவது 34, 36 என்பது சுற்றளவு. பி, சி, டி என்பது கப்பின் கொள்ளளவு. இரண்டும் சேர்ந்துதான் அளவு. 34 சி-யும் 36 பி-யும் ஏறக்குறைய ஒரே அளவு மார்பைத்தான் கொள்ளும். பட்டைதான் வேறு. கடையில் பி கப் மட்டுமே அடுக்கி வைத்திருப்பதால், சி, டி வேண்டியவர்களுக்கும் 38 பி, 40 பி என்று எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இன்றைக்கே வீட்டில் ஓர் இஞ்ச் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே, முதுகிலும் முன்னாலும் ஒரே மட்டத்தில், உடம்போடு ஒட்டி ஓர் அளவு. அப்புறம் பஞ்சு வைக்காத ஒரு பிராவைப் போட்டுக்கொண்டு, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி, அழுத்தாமல் ஓர் அளவு. கீழ்ச்சுற்று 29 முதல் 30 இஞ்ச் என்றால் பெரும்பாலான நம்மூர்க் கம்பெனிகளில் 34. 31, 32 வந்தால் 36. கப் எழுத்தைப் பெட்டியின் பின்னால் இருக்கும் அட்டவணையில் இரண்டு அளவையும் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் அட்டவணையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எப்போது வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் மூன்று மாதத்திலேயே மார்பு பெருக்க ஆரம்பித்துவிடும். கடைசி மூன்று மாதத்தில் வயிறு மேலே தள்ளத் தள்ள விலாவும் விரியும். பிரசவம் ஆனதும் விலா மெல்லச் சுருங்கும். மார்போ நேர்மாறாக, மூன்றாம் நாள் வாக்கில் பால் இறங்கும்போது இன்னும் பெருக்கும். சுற்றளவு ஒரு பக்கம் போகும், கப் இன்னொரு பக்கம் போகும். ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகுதான் இரண்டும் ஒரு நிலைக்கு வரும்.

ஆகவே வளைகாப்பு முடிந்து தாய்வீடு கிளம்பும் முன் இரண்டே இரண்டு வாங்குங்கள், போதும். அப்போது விலா விரிந்திருக்கும் நேரம், அதனால் கடைசி ஹூக்கில், அதாவது இருப்பதிலேயே தளர்வான ஹூக்கில் சரியாக இருப்பதை எடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு உள்ஹூக்குக்கு மாறிக்கொள்ளலாம். கப்பில் லேசாகச் சுருக்கம் விழும் அளவுக்கு இடம் இருக்கட்டும், பால் இறங்கும்போது அந்த இடம் வேண்டும். குழந்தை பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், இது குழந்தைக்கு வாங்குவதில்லை, உங்களுக்கு வாங்குவது என்று சொல்லுங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் ஆறு வாரம் கழித்து, மறுபடி அளந்து வாங்குங்கள். மொத்தமாக அரை டஜன் இப்போதே வாங்கிப் பீரோவில் வைத்த பெண்கள், பிறகு அவற்றைத் தங்கைக்குக் கொடுத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதுவரைக்கும் உங்கள் பழைய 34-க்கு ஹூக் எக்ஸ்டென்டர் என்று ஒரு சின்னத் துண்டு ஃபேன்ஸி கடையில் கிடைக்கும். பின்பக்கம் மாட்டினால் பட்டை இரண்டு இஞ்ச் வரை நீளும். ஆனால் கப்பிலேயே பிதுங்குகிறது என்றால் அது உதவாது.

போட்டுப் பார்க்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதுகுப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், நான்கு நுழைந்தால் பெரிசு. இரண்டு கையையும் மேலே தூக்கினால் பட்டை மார்பு மேல் ஏறக் கூடாது. கப்பின் மேல் விளிம்பிலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கக் கூடாது.

அப்புறம் கிளிப், அதாவது பால் கொடுக்கக் கப்பைக் கீழே இறக்குவதற்குத் தோள் வாரில் இருக்கும் கொக்கி. இதைச் சொல்லாமல் விட மாட்டேன். வார்டில் சிசேரியன் ஆன பெண்கள் படும் பாட்டைப் பார்த்தவள் நான். இடது கையில் வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசி குத்தியிருக்கும், வலது கையில் பிள்ளை வீறிட்டு அழும், தோளில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி புதுசாக விறைப்பாக இருக்கும், வராது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் அம்மா வந்து கழற்றி விடுவார். அதனால் கடையிலேயே ஒரு கையால், பார்க்காமல், கிளிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். வரவில்லை என்றால் அந்த மாடல் வேண்டாம். கப்பை இறக்கினால் உள்ளே ஒரு துணி வளையம் இருக்கும், வார் நழுவாமல் பிடித்துக்கொள்ள. அந்த வளையம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். குறுகலாக இருந்தால் மார்பை இறுக்கும், பிள்ளையின் தாடையிலும் இடிக்கும். முன்பக்கம் ஹூக் வைத்ததும், சேலை மடிப்பு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வந்து ஒதுக்கிவிடுகிற மாடலும் முதல் வாரத்துக்கு நல்லது.

துணி, 95 சதம் பருத்தி, 5 சதம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் நூல் போட்ட பின்னல் துணி. நம் வெயிலுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். லேஸும் ஃபோமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். வலது மார்பில் வெளிப்பக்கம் கட்டியாக இருக்கிறது, தொட்டால் வலி. பழைய கம்பி வைத்த பிராவையே போடுகிறேன், பால் கொடுக்கும்போது மேலே தூக்கி விட்டுக்கொள்வேன். அந்தப் பக்கம் கொடுக்காமல் இருக்கட்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

நிறுத்தக் கூடாது, கண்ணு. இரண்டு பக்கமும் எப்போதும் போலவே கொடுங்கள். அந்தப் பாலால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

பிராவை மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தூக்கிவிட்டதும் அந்த எலாஸ்டிக்கும் கம்பியும் மார்பின் மேல்பகுதியில் வந்து உட்கார்ந்து, பிள்ளை குடித்து முடிக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருக்கும். கம்பி வைத்த பிரா எல்லோருக்கும் கெடுதல் செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் அளவு நாளுக்கு நாள் மாறுகிற இந்த முதல் வாரங்களில் கம்பி எந்த இடத்தில் அழுத்தும் என்று சொல்ல முடியாது. அதை எடுத்து வைத்துவிட்டு, கம்பியில்லாத, தாங்கிப் பிடிக்கிற, ஆனால் அமுக்காத ஒன்றைப் போடுங்கள். கையில் இல்லையென்றால் முன்ஹூக் வைத்த தளர்ந்த ஜாக்கெட்டே போதும்.

எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே ஏற்கெனவே வீங்கியிருக்கிற இடத்தை அழுத்தினால் வீக்கம் கூடும். ஐஸை ஒரு துணியில் சுற்றி கொஞ்ச நேரம் ஒத்திக்கொள்ளுங்கள், இதம் தரும். பாலை முழுக்கக் காலி பண்ணிவிடலாம் என்று பம்ப் வைத்து ஓயாமல் எடுக்காதீர்கள். எடுக்க எடுக்க இன்னும் ஊறும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, அந்த இடம் சிவந்து சுடச்சுட இருந்து ஒரு நாளில் குறையாவிட்டாலோ, உடனே டாக்டரிடம் போங்கள். சீழ் பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்கள் காலத்தில் ஜாக்கெட்டோடு சரி. என் மருமகள் ராத்திரியும் பகலும் பிராவைக் கழற்றுவதே இல்லை. பால் வற்றிவிடாதா? போடாவிட்டால் தொங்கிவிடும் என்கிறாள்.
— வாசகி, பொள்ளாச்சி

உங்கள் கவலை புரிகிறதுங்க அம்மா. பிரா போட்டதால் பால் வற்றாது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ஆனால் துணியால் கட்டியது போல மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடை என்றால், பால் தேங்கும், தேங்கினால் சுரப்பும் குறையும். எனவே மருமகள் கழற்றும்போது தோலில் ஆழமாகத் தடம் இருக்கிறதா, அது சீக்கிரம் மறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தடம் மறையாமல் நின்றால் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

ராத்திரி போட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பால் ஒழுகுவதற்குத் துணி வைக்க வேண்டும் என்றால் மட்டும், ஹூக் இல்லாத மெத்தென்ற ஒன்று போதும். மார்பு தளர்வதற்குக் கர்ப்பமும் வயதும்தான் காரணம், பால் கொடுப்பது காரணமில்லை, தூங்கும்போது கழற்றி வைப்பதும் இல்லை. இதையும் மருமகளிடம் நீங்களே சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.

கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். லீவு முடிந்து சேர்ந்த முதல் வாரமே ஜாக்கெட் நனைந்து அவமானமாகிவிட்டது. கடையில் வாங்கிய பேட் வைத்தால் அரிக்கிறது.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

இதில் அவமானம் ஒன்றும் இல்லை அம்மணி. பிள்ளைக்குக் கொடுக்கிற நேரம் வந்தால் உடம்பு தானாகச் சுரக்கும்.

அரிப்புக்குக் காரணம் பேட்டின் பின்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் படலமாக இருக்கலாம். காற்று போகாது, வேர்க்கும், ஈரம் நிற்கும். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியை வட்டமாக வெட்டி, நாலைந்து மடிப்பாக வைத்து ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். தினமும் அரை டஜன் ஒரு கவரில், நனைந்ததைப் போட இன்னொரு கவர். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும், மத்தியானம் வரை பொறுக்கலாம் என்று இருக்கக் கூடாது. இதற்குப் பிறகும் காம்பில் எரிச்சல் நின்றாலோ, பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, பூஞ்சையாக இருக்கலாம், இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள்.

பஸ்ஸில் திடீரென்று சுரப்பது போல் தோன்றினால், கையைக் கட்டிக்கொள்வது மாதிரி முன்கையால் மார்பை நேராக ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்கள், பேட் மாற்றவோ பால் எடுக்கவோ அதைப் பயன்படுத்துங்கள். வேலையிடத்திலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சட்டப்படி, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பால் கொடுப்பதற்கான இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

தினசரி துவைப்பதால் பிரா சீக்கிரம் தளரும். பிளீச்சிங் போடாதீர்கள், வெந்நீரில் ஊற வைக்காதீர்கள், நிழலில் பட்டையைப் பிடித்துக் காயப்போடுங்கள். வாரைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் அது இழுபட்டுவிடும்.

மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள், வெளியே போக முடியாது. என்னை வாங்கி வரச் சொல்கிறாள். என்னவென்று கேட்பது?
— வாசகர், அவிநாசி

நீங்கள் எழுதிக் கேட்டதே எனக்குச் சந்தோஷம் தம்பி. கூச்சப்பட ஒன்றும் இல்லை, மருந்துக் கடைக்குப் போவது போலப் போங்கள். முதல் கேள்வியில் சொன்னபடி இரண்டு அளவையும் மனைவியை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் சொல்லாமல் கப் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஃபீடிங் பிரா, கம்பி வேண்டாம், பஞ்சு வேண்டாம், காட்டன், பின்னால் மூன்று அல்லது நான்கு வரிசை ஹூக்’ என்று கேட்டால் கடைக்காரர் புரிந்துகொள்வார். கிளிப்பை அங்கேயே ஒரு கையால் திறந்து பார்த்து எடுங்கள். உள்ளாடையைப் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள், அதனால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள். சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, அதே கம்பெனி, அதே மாடல் நம்பரைக் காட்டி இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.