பல வருட வேலை அனுபவத்தை ஜூனியர்களுக்குத் தப்பில்லாமல் புரியும்படி சொல்வது எப்படி?

எனக்குப் பதினைந்து வருடமாகச் சைட் இன்ஜினியர் வேலை. திருச்சியைச் சுற்றி வீடுகள்தான் அதிகம், நடுவில் ஒன்றிரண்டு கல்யாண மண்டபங்கள். "நான் தெளிவாகத்தான் சொல்கிறேன், ஜூனியர்கள்தான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், ஒரு ஹால் தளம் தொங்கும் வரை.

எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டு தனியாகப் போன தம்பி ஒருவன். ஒருநாள் காலையில் போன், தளத்தை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பற்றி.

"அண்ணே, தளம் போட்டு இன்னைக்கு ஏழாவது நாள். முட்டு பிரிச்சுடலாமா?"

"நான் எல்லாம் ஏழு நாள்லதான் பிரிக்கிறேன் தம்பி. ஒண்ணும் ஆகாது."

இருபது வினாடிகூட ஆகியிருக்காது. நான் சொன்னதில் பொய்யும் இல்லை. அப்போது நான் பிரித்ததெல்லாம் பத்தடி, பதினோரடி பெட்ரூம் தளங்கள். அவன் போட்டிருந்தது 18-க்கு 16 அடி ஹால், நடுவில் பீம் கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்திய விதிப் புத்தகம் ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது என்றால், தளத்தின் ஸ்பான் (தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவில் உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை, அதாவது பதினாலே முக்கால் அடி வரை, முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். அதுவும் ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு. அவன் போட்டது பிபிசி, சாம்பல் கலந்த சிமெண்ட். பிபிசி ஆரம்ப நாட்களில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும்.

இரண்டே நாளில் நடு ஹாலில் தளம் லேசாக இறங்கி, அடியில் முடி போலக் கீறல்கள். ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்து, கையிலிருந்து செலவு செய்து சரிசெய்தான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஆறு மாதம் அவன் என்னோடு பேசவில்லை.

"ஏழு நாள்" என்ற விடையை மட்டும் கொடுத்திருக்கிறேன். அது எந்தக் கணக்குக்கான விடை என்பது என்னிடமே தங்கிவிட்டது. ஏன் சொல்லாமல் விட்டேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். என் சைட்டுகளில் ஸ்பானும் சிமெண்டும் வருடக்கணக்கில் மாறவே இல்லை. மாறாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது இல்லையா?

இப்போது யாராவது போன் செய்தால் பதிலுக்கு முன்னால் நான்தான் கேள்வி கேட்கிறேன். ஸ்பான் எத்தனை? என்ன சிமெண்ட்? பகலில் வெயில் எப்படி? "ரொம்பக் குடைகிறார்" என்று ஒரு பேர் வந்திருக்கிறது, வரட்டும். அப்புறம், எது விதி, எது என் பழக்கம் என்று பிரித்துச் சொல்கிறேன். "ஓபிசிக்குத் தண்ணீர் ஆற்றுவது, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, குறைந்தது 7 நாள், வெயிலும் வறட்சியுமாக இருந்தால் 10, இது புத்தகத்தில் இருக்கிறது. பிபிசிக்கு 14 நாள் வரை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். எந்த சிமெண்டாக இருந்தாலும் நான் 14 நாள் ஆற்றுவேன், அது திருச்சி வெயிலுக்குப் பயந்து நானாக வைத்துக்கொண்டது." இப்படிச் சொன்னால் எதில் கை வைக்கக் கூடாது, எதை இடத்துக்குத் தகுந்தபடி மாற்றலாம் என்று கேட்பவனே முடிவு செய்துகொள்கிறான்.

அடுத்தது எண்கள். எல்லாத் தொழிலிலும் இந்தக் கூத்து இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை புதுப் பையனிடம் "எட்டை ஆறுல போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நான் சொன்னது 8 எம்எம் கம்பி, 6 இஞ்சு இடைவெளி. திரும்பி வந்து பார்த்தால் 6 எம்எம் கம்பியை 8 இஞ்சுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டிரப்புக்கு, அதாவது பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்கு, வாங்கி வைத்த கம்பி அது! கான்கிரீட் போடுவதற்கு முன்பே பார்த்ததால் தப்பித்தோம். பையனைத் திட்ட வாயெடுத்தேன். அவன் நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னான். எட்டு, ஆறு. எது கம்பி, எது இடைவெளி என்று அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? கம்பி கட்டும் பழைய ஃபிட்டர்களிடம் பேசும்போது நூல் கணக்கும் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) சேர்ந்துகொள்ளும். அவர் "மூணு நூல்" என்பது முக்கால்வாசி ஜூனியர்களுக்குப் புரியாது, 10 எம்எம் என்று சொன்னால்தான் தெரியும். எண்ணோடு அளவையும் பொருளையும் சேர்த்துச் சொல்ல மூன்று வார்த்தை கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சில இடத்தில் எண்ணே உதவாது, கையில் இருக்கும் சாமானில் சொல்ல வேண்டும். வாட்டர் சிமெண்ட் ரேஷியோ 0.5 என்று கலவை போடுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். தலையை ஆட்டிவிட்டு ஹோஸைத் திறந்துவிடுவார். அதன் அர்த்தம் சிமெண்ட் எடையில் பாதித் தண்ணீர், 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். சைட்டில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி எப்போதும் கிடக்கும். "மூட்டைக்கு ஒண்ணேகால் வாளி, மணல் ஈரமா இருந்தா அந்தக் கால் வாளிக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க" என்றால் முடிந்தது. வாளியில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தால் இன்னும் நல்லது.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு "புரிஞ்சுது சார்" தவிர வேறு பதில் எனக்கு வந்ததே இல்லை. "நாளைக்குக் காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணப் போற?" என்று கேட்பேன். எங்கே இடறுகிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும். பெரிய மேஸ்திரிகளிடம் இப்படிக் கேட்டால் பரீட்சை வைப்பதாக நினைத்துக் கோபப்படுவார்கள். அவர்களிடம் "அண்ணே, நான் சொன்னது சரியா வருமா, நீங்க எப்படிப் போடுவீங்க?" என்று கேட்க வேண்டும். பாதி நேரம் நான்தான் கற்றுக்கொண்டு வருவேன்.

இத்தனைக்குப் பிறகும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று இருக்கிறது. கான்கிரீட்டை அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டர் ஊசியை அதிலிருந்து எப்போது வெளியே எடுப்பது? குமிழி வருவது நிற்கும், மேலே சிமெண்ட் பால் மினுமினுப்பாகப் படரும், சத்தம் ஒரே சீராகும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. சொன்னால் பிடிபடுவதில்லை. அதனால் தளம் போடும் அன்று காலை ஆறு மணிக்கே வரச் சொல்லி, ஊசியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். வரும்போது கம்பூட் போட்டு வரச் சொல்லுங்கள், சிமெண்ட் தண்ணீரில் கால் வெந்துவிடும்.