எண்ணெய் தீந்தா அது எத தின்னும்?

அண்ணா, வணக்கம். நான் பயோடெக் மூணாவது வருஷம் படிக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. எங்க காலேஜ் டீம்ல பத்து பேரு. எண்ணெய தின்னு உடைக்கிற பாக்டீரியா ஒன்ன லேப்ல ரெடி பண்ணிட்டு இருக்கோம், ஐஜெம்னு உயிர்கள மாத்தி அமைக்கிற உலக மாணவர் போட்டிக்கு. அதுல ஹ்யூமன் ப்ராக்டிசஸ்னு ஒரு பகுதி இருக்கு, சம்பந்தப்பட்ட மக்கள்கிட்ட போய் பேசணும். அதுக்காக போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலையில எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்துல கூட்டம் போட்டோம். வாழப்பழத்துல டிஎன்ஏ எடுத்து காட்டுனப்ப பசங்க செம குஷி. அப்புறம் பிபிடி போட்டோம், பாதி பேர் எந்திரிச்சு போயிட்டாங்க. கடைசியா எறா தடவுற அக்கா ஒருத்தங்க, "தம்பி, அது எண்ணெயெல்லாம் தின்னு முடிச்சிட்டு அப்பால எத தின்னும்?"னு கேட்டாங்க. எங்க டீமே சிரிச்சிருச்சு. அடிப்படை சயின்ஸ் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் எப்படிண்ணா புரிய வெக்கிறது?
- எஸ்.

தம்பி எஸ்.,

உன் லெட்டர்ல மத்ததெல்லாம் விடு, அந்த அக்கா கேட்டதுக்கு சிரிச்சீங்க பாரு, அங்கதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு. உங்க ப்ராஜெக்ட்டுக்கு நடுவர் வெச்சு கேட்டா கூட இத விட நல்ல கேள்வி வராது.

அவங்க ஏன் அப்படி கேட்டாங்கன்னு யோசிச்சியா? எண்ணூர்ல கடல்ல சேர்ற கொசஸ்தலை ஆத்துல காக்கா ஆழின்னு ஒண்ணு வந்து உக்காந்திருக்கே, தெரியுமா? தென் அமெரிக்கா பக்கத்து சிப்பி, கப்பல்ல ஏத்தி எறக்குற தண்ணியோட வந்திருக்கும்னு சொல்றாங்க. மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணா இருந்தது இப்ப ஆத்தோட அடியில பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிச்சு. எறா பொதையறதுக்கு சேறு வேணும், மணல் வேணும், அதுக்கே எடம் இல்ல. அங்கயே இருந்த மஞ்ச ஆழிங்கற சிப்பியும் போச்சு. காலும் கையும் வெச்சு தடவி எறா புடிக்கிறவங்களுக்கு இது மொதல்ல தட்டுப்பட்டது எங்கன்னா வெரல்ல, ஓட்டு முனை கிழிச்சு. எங்கிருந்தோ வந்த ஒரு உயிரு ஆத்தையே எடுத்துக்கிட்டத கண்ணால பாத்த மனுஷிகிட்ட நீ போய் "நாங்க ஒரு புது உயிர் செஞ்சிருக்கோம், எண்ணெய திங்கும்"னு சொன்னா அவங்க வேற இன்னா கேப்பாங்க?

இன்னொண்ணு, இந்த கேள்வி புதுசும் இல்ல. நம்ம வங்காளத்துல பொறந்து அமெரிக்கா போன ஆனந்த மோகன் சக்கரவர்த்தி 1970கள் ஆரம்பத்துலயே எண்ணெய திங்கிற சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா ஒண்ண உருவாக்குனாரு. பேட்டன்ட் கேட்டு, அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1980-ல 5-க்கு 4-னு ஜெயிச்சது. உங்க சார் இத கண்டிப்பா க்ளாஸ்ல சொல்லியிருப்பாரு. ஆனா அந்த பாக்டீரியாவ எந்த கடல்லயும் எறக்கி விடல, அத சொன்னாரா? ஜெயிச்ச கேஸ ஞாபகம் வெச்சிருக்கோம், வெளிய விட பயந்தத மறந்துட்டோம். 1989-ல அலாஸ்காவுல கப்பல் ஒடஞ்சு எண்ணெய் கொட்டுனப்ப கூட புது உயிர் எதையும் கொண்டாந்து விடல, அந்த கரையிலயே ஏற்கனவே இருந்த பாக்டீரியாவுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போட்டு தீனி குடுத்தாங்க, அவ்ளோதான். எண்ணெய் கொறைய கொறைய அதுங்களும் கொறையும்.

உங்களுது கொறையுமா? கில் ஸ்விட்ச், அதாவது வேல முடிஞ்சதும் அது தானா சாகுற மாதிரி ஒரு ஜீன் ஏற்பாடு, வெச்சிருக்கோம்னு சொல்லுவ, சரி, அந்த ஸ்விட்ச்சே ம்யூட்டேஷன்ல, ஜீன் தானா மாறிப் போறதுல, பழுதாகலாம்னு உனக்கே தெரியும். அதனால அந்த அக்கா கேட்டத அப்படியே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டா செஞ்சிரு. ரெண்டு ஃப்ளாஸ்க் எடு, ரெண்டுலயும் கழிமுகத்து தண்ணி, ஒண்ணுல எண்ணெய் ஊத்து, இன்னொண்ணுல ஊத்தாத. ரெண்டுலயும் உங்க பாக்டீரியாவ விட்டு தெனம் கொஞ்சம் எடுத்து, உங்க பாக்டீரியா மட்டும் வளர்ற ப்ளேட்ல போட்டு, அதுல புள்ளி புள்ளியா வர்ற காலனிய எண்ணு. எண்ணெய் இல்லாததுல எத்தன நாள்ல அடங்குது, இல்ல அடங்காம வேற எதையோ தின்னுட்டு ஜாலியா இருக்குதான்னு பாரு. முடிஞ்சதும் எல்லாத்தையும் ஆட்டோகிளேவ் பண்ணி, சூடான ஆவியில கொன்னுடு, அது உனக்கு சொல்ல வேண்டியதில்ல. அந்த ப்ளேட்ட போட்டோ எடுத்துக்கிட்டு அக்காகிட்ட திரும்பி போ. கூடவே, இத ஆத்துல விட எங்களுக்கு அனுமதி கெடையாது, 1989-ல வந்த விதிப்படி மத்திய அரசோட கமிட்டி ஒப்புக்காம மரபணு மாத்துன எதையும் வெளிய விட முடியாதுன்னும் சொல்லு. மொத தடவையே சொல்லியிருக்க வேண்டியது.

வாழப்பழ டிஎன்ஏ நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்க, நல்ல விஷயம், டம்ளர்ல ஸ்பிரிட்டு ஊத்துனதும் வெள்ளையா நூல் நூலா மேல வரும்போது யாருக்குமே வாய் தொறந்துக்கும். ஆனா அதுல ஊத்துற சோப்பு கொழுப்ப ஒடைக்குதுன்னு அந்த ஊர்ல நீ பாடம் எடுத்தியா? 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகத்துல படிஞ்சப்ப மக்குலயும் பக்கெட்லயும் அள்ளுனவங்க அவங்க. போட்டையும் வலையையும் எதெத போட்டு தேய்ச்சாங்க, எது கழுவுச்சு, எது கழுவலன்னு அவங்ககிட்ட நீதான் நோட்டு போட்டு எழுதிக்கணும்.

மரபணு மாத்துனதுன்னாலே பயப்படுறாங்கன்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க. எங்க ஆயாவுக்கு சுகர். வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல சின்ன மண்பானையில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள ஒரு டப்பா, டப்பாவுக்குள்ள இன்சுலின் பாட்டில். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ஊசிய வெளிச்சத்துல தூக்கி புடிச்சு கோடு பாப்பேன், எனக்கு அதான் வேல. அந்த பாட்டில்ல பொடி எழுத்துல ஆர்டிஎன்ஏ ஆரிஜின்னு போட்டிருக்கும். காலேஜ் வந்தப்புறம்தான் புரிஞ்சுது, பாக்டீரியாவுக்கோ ஈஸ்டுக்கோ மனுஷ ஜீன குடுத்து செய்ய வெக்கிற மருந்துன்னு. அமெரிக்காவுல 1982-ல அனுமதி குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி பன்னி, மாட்டு கணையத்துல இருந்துதான் எடுத்தாங்க. அந்த குப்பத்துலயும் நாலு வீட்ல அந்த பாட்டில் இருக்கும், கேட்டு வாங்கி கையில வெச்சுக்கிட்டு பேச்ச ஆரம்பி. இத செய்யிற உயிரு தொட்டிக்குள்ளயே வளந்து தொட்டிக்குள்ளயே முடியுது, எங்களுது தொறந்த தண்ணிக்கு ஆசப்படுது, வித்தியாசம் இதான்னு சொன்னா அவங்க டக்குனு புடிச்சுப்பாங்க.

அப்புறம் ஞாயித்துக்கெழம காலையில எவனாவது மீன்காரங்கள கூட்டம் போட்டு கூப்புடுவானா? வாரத்துலயே யாவாரம் நடக்குற நாளு அது. பாதி பேரு எந்திரிச்சு போனது உன் பிபிடியால மட்டும் இல்ல. பெரிய போட்டுக்காரங்களுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்ப ஆம்பளைங்க கரையில இருப்பாங்க. ஆத்துல தடவுறவங்களுக்கு அந்த கணக்கு ஒத்துவராது, தண்ணி ஏத்த எறக்கம் பாத்துதான் அவங்க போவாங்க, எந்த நேரம் சும்மா இருப்பீங்கன்னு மொதல்ல அந்த அக்காவையே கேளு. டீம் டி-ஷர்ட்டு, பேனர், போட்டோ எதுவும் இந்த தடவ வேணாம், பத்து பேரும் போவாத, ரெண்டு பேரு போ. போனதும் சிரிச்சதுக்கு சாரி கேட்டுட்டு அப்புறமா ப்ளேட்ட காட்டு. எண்ணெய் இல்லாத ஃப்ளாஸ்க்ல எத்தனாவது நாள் காலனி கொறஞ்சுதுன்னு எனக்கும் எழுது.