பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகலின் ‘உழவர் திருமணம்’ ஓவியத்தில் மாப்பிள்ளை எங்கே?

இவர்தான் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. ஆனால் தேடும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பலரும் பெண்ணுக்குப் பக்கத்தில் தேடி ஏமாறுகிறார்கள். ஃப்ளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) கல்யாண விருந்தன்று மாப்பிள்ளையே பெண் வீட்டாருக்குப் பரிமாறும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அதனால் பந்தியில் வேலை செய்கிறவர்களைக் கவனிக்க வேண்டும்.

பெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். பச்சைத் துணிக்கு முன்னால், தலைக்கு மேல் காகிதக் கிரீடம் தொங்க, கைகளைக் கோத்து, கண்களைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடவில்லை. பின்னால் மஞ்சளாகத் தெரிவது சுவர் என்று நினைத்துவிடாதீர்கள், அது உயர அடுக்கிய கதிர்ப்போர். இரண்டு கதிர்க்கட்டுகளை வைக்கோல் வாரும் பற்கோல் ஒன்றில் மாட்டி அதில் செருகியிருக்கிறார்கள். ஆக, அறுவடை முடிந்த காலம், இடம் தானியக் கொட்டகை.

இனி பரிமாறுவதைப் பாருங்கள். கீலிலிருந்து கழற்றிய கதவு ஒன்றைக் கழிகளின்மேல் வைத்துக் கூழ்க் கிண்ணங்களைச் சுமந்து வருகிறார்கள் இருவர். இடது மூலையில் ஒருவன் பெரிய சாடியிலிருந்து சிறியதில் ஊற்றுகிறான், பக்கத்துக் கூடையில் இன்னும் சாடிகள். பந்தியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்தபடியே உடலைத் திருப்பிக் கதவிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசைக்கு நகர்த்துகிறார். சாடிக்காரனை மாப்பிள்ளை என்பவர்கள் உண்டு. நான் கிண்ணம் எடுப்பவரையே சொல்வேன்: பந்தியிலும் இருக்கிறார், பரிமாறவும் செய்கிறார். ஆனாலும் அவரைத் தனித்துக் காட்டும் அடையாளம் எதுவும் படத்தில் இல்லை.

இதைப் பெருந்தீனிக்கு எதிரான எச்சரிக்கை என்று படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேசையில் இருப்பது கூழும் ரொட்டியும்தான். கூட்டம் பெரிது என்பது உண்மை. உழவர் கல்யாணங்களுக்கு 20 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது என்று அந்நாட்டை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1531-இல் ஆணையிட்டிருந்தார். இங்கே வாசலில் நெருக்கி நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால் அந்த வரம்பு தாண்டிவிடும்.

ப்ரூகல் மாறுவேடத்தில், பரிசுப் பொருளோடு, உறவினர் போல இத்தகைய கல்யாணங்களுக்குப் போனார் என்ற கதையைச் சாட்சியமாக எடுக்க வேண்டாம். அதை எழுதிய காரெல் வான் மாண்டரின் (ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர்) நூல் வந்தது 1604-இல், ப்ரூகல் 1569-இலேயே இறந்துவிட்டார்.

ஓவியம் சுமார் 1567-இல் வரையப்பட்டது, வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 114 × 164 செ.மீ. பலகை, கைபேசியில் பார்த்தால் பாதி தெரியாது. பெரிதாக்கி பேக்பைப் (காற்றுப் பையுள்ள ஊதுகருவி) வாசிப்பவர் ஒருவரின் முகத்தைப் பாருங்கள்: கண் கூழ்க் கிண்ணத்தின் மேல் இருக்கிறது.