மகள் அகச்சிவப்பு வானியல் படிக்கட்டுமா?

விண்வெளிப் படங்களில் மயங்கி அகச்சிவப்பு வானியல் படிக்க நினைக்கும் மகளின் ஆசைக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான். மீதி முழுக்க, இதில் பிழைக்க முடியுமா என்ற உங்கள் கவலை. அதனால் கவலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நிரந்தர வேலையில் இருக்கும் வானியலாளர்கள் உலகம் முழுக்கவே குறைவு. இளநிலை, முதுநிலை, அப்புறம் பி.எச்டி. அது முடிந்தும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆய்வுப்பணி, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், சில சமயம் வேறு வேறு நாடுகளில். முப்பது வயதைத் தாண்டித்தான் நிலையான பதவி என்பது இங்கே சாதாரணம். பி.எச்டி முடித்த பலர் வானியலை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

அகச்சிவப்பு வானியலில் அப்படிக் கைக்கு வரும் தொழில்திறன் கனமானது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறக்குறைய 0.7 மைக்ரான் அலைநீளத்தில் முடிகிறது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு அப்பால் சில நூறு மைக்ரான் வரை நீள்வது அகச்சிவப்பு. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு வெளியே ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அது ஏறியது. விண்வெளித் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துவிடும், ஆனால் அகச்சிவப்பில் பெரும்பகுதி அதைக் கடந்து வந்துவிடும். தூசுக்குள் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களையும் பால்வீதியின் நடுப்பகுதியையும் பார்க்க முடிவது இதனால்தான். அந்த மையத்தைச் சுற்றும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் அகச்சிவப்பில் பின்தொடர்ந்து, சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை ஒரு சிறிய இடத்துக்குள் அடங்கியிருப்பதைக் காட்டினார்கள் வானியலாளர்கள் ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸும். 2020இல் இயற்பியல் நோபல் பரிசை ரோஜர் பென்ரோஸுடன் பகிர்ந்துகொண்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சூடுள்ள எல்லாமே அகச்சிவப்பை உமிழும். வானம், தொலைநோக்கியின் கண்ணாடி, கேமராவின் உலோகப் பெட்டி என்று எதுவும் விலக்கில்லை. அறை வெப்பநிலையில் உள்ள பொருள் 10 மைக்ரான் அருகில்தான் அதிகம் ஒளிர்கிறது. அந்த அலைநீளத்தில் தரையிலிருந்து வானத்தைப் பார்ப்பது பட்டப்பகலில் விண்மீன் தேடுவது மாதிரி. போதாததற்குக் காற்றிலுள்ள நீராவி பல அலைநீளங்களை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் உயரமான வறண்ட மலைகள், விமானம், கடைசியில் விண்வெளி. 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் திரவ ஹீலியத்தின் குளிர்ச்சியில் பத்து மாதம் வானத்தை அளந்தது. ஹீலியம் தீர்ந்தது, வேலையும் முடிந்தது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஐந்து அடுக்குத் திரையின் நிழலில் இயங்குகிறது. அது போதாமல், அதிலுள்ள ஒரு கருவியை 7 கெல்வினுக்கும் கீழே, அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கும் கீழே வைத்திருக்கத் தனிக் குளிர்விப்பான் வேறு.

ஆக, உங்கள் மகள் பார்த்து மயங்கிய படங்களுக்குப் பின்னால் ஆழ்குளிர்ப் பொறியியலும், பாதரசம், காட்மியம், டெல்லூரியம் கலந்த உணர்கருவிகளும், இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும் கணக்கும் இருக்கின்றன. இவை வெளியிலும் விலைபோகும். காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கும் செயற்கைக்கோள், மீத்தேன் கசிவைக் காட்டும் கேமரா, 1.55 மைக்ரானில் இயங்கும் கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பு எல்லாம் அகச்சிவப்புதான். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்த உணர்கருவிகள் ராணுவத் தேவைகளுக்காகவும் வளர்ந்தவை. எனவே சில வேலைகளுக்குச் சொந்த நாட்டுக் குடிமக்களை மட்டுமே எடுப்பார்கள்.

இரவெல்லாம் மலையுச்சியில் தனியாக இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. பல பெரிய தொலைநோக்கிகளில் அங்குள்ள ஊழியர்களே வரிசைப்படி நோக்கித் தருகிறார்கள். விண்வெளித் தொலைநோக்கி என்றால் அந்தப் பேச்சே இல்லை. கணினி முன் உட்கார்ந்து முதுகு வலிக்கும், அதற்கு வேண்டுமானால் கவலைப்படுங்கள்.

என்ன படிப்பது? இளநிலையிலேயே வானியல் என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். இயற்பியல் எடுக்கட்டும், கணிதம் நிறையச் சேரட்டும். கையால் செய்து பார்க்கும் ஆர்வம் இருந்தால் மின்னணுவியலோ இயந்திரப் பொறியியலோ கூடச் சரி, கருவி கட்டும் குழுக்களுக்கு அவர்கள் தேவை. ஒளியியல், வெப்ப இயக்கவியல், திடநிலை இயற்பியல், புள்ளியியல், பைத்தான் நிரல்மொழி ஆகியவற்றை எந்த வழியில் போனாலும் விடக்கூடாது. வானியலை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள், செலவில்லை. ஜேம்ஸ் வெப் எடுத்த தரவுகளில் பல உடனேயும், மற்றவை பொதுவாக ஓராண்டுக்குள்ளும் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. விண்மீன்கள் பிறக்கும் தூசு மேகமான கரினா நெபுலாவின் மூலக் கோப்புகளை அவள் இறக்கிக்கொள்ளட்டும். வண்ணம் எதுவும் இருக்காது, சாம்பல் நிறம்தான், ஊடே செத்த பிக்சல்கள். மூன்று வடிகட்டிகளில் எடுத்தவற்றைப் பொருத்தி, தானே ஒரு வண்ணப் படம் உருவாக்கட்டும். சில வாரம் ஆகும்.

பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ஒரு விண்மீன் ஒரு வடிகட்டியில் தெரிந்து இன்னொன்றில் ஏன் மறைகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இயற்பியல். செத்த பிக்சல் ஏன் செத்தது என்று அரித்தெடுத்தால் கருவிப் பொறியியல். நூறு கோப்புக்கும் சேர்த்து ஒரே நிரல் எழுத முனைந்தால் தரவுப் பணி. இரண்டே நாளில் சலித்துவிட்டால் திட்டாதீர்கள், வானத்தைப் பொழுதுபோக்காகப் பார்த்து மகிழ்கிறவர்கள் ஏராளம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளநிலைக்கோ முதுநிலைக்கோ செலவழியுங்கள், அது எந்தத் துறையிலும் ஆவதுதான். பி.எச்டிக்கு மட்டும் கடன் வாங்காதீர்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் சேரட்டும், கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு வேலைக்குப் போய்விட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும்.