வெறுங்காட்டில் எழுந்த நகரம் உண்டா?

கேள்வி: ஐயா, உரோமாபுரியைக் கட்டியவர்கள் ஓநாயிடம் பால் குடித்து வளர்ந்த இரட்டையர் என்கிறார்கள். மதுரை பிறந்தபோது பாம்பு வந்து எல்லை காட்டியது என்கிறார்கள். இதையெல்லாம் பொய் என்று தள்ளிவிடலாமா? உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மகன் கேட்கிறான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தள்ள வேண்டாம் தங்கச்சி. நகரம் எந்த ஆண்டில் பிறந்தது என்று இந்தக் கதைகளிடம் கேட்டால்தான் ஏமாந்து போவோம். அரசன் வருமுன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கதை தானாகவே சொல்லிவிடும்.

ரோமுலஸ், ரேமுஸ் கதையில் எல்லோருக்கும் ஓநாய்தான் நினைவிருக்கிறது. பிள்ளைகளைக் கண்டெடுத்து வளர்த்தவன் பௌஸ்துலுஸ் என்ற இடையன். அப்படியென்றால் நகரத்துக்கு முன்பே அங்கே மந்தை மேய்த்தவர்கள் குடியிருந்திருக்கிறார்கள். கி.மு. 753 என்ற ஆண்டும் பல நூற்றாண்டுகள் கழித்து வார்ரோ என்ற அறிஞர் கணித்ததாகச் சொல்லப்படுவதுதான். உரோமாபுரியின் பலத்தீன் குன்றைத் தோண்டியபோது கிடைத்தவை மாளிகைகள் அல்ல, இரும்புக்காலக் குடிசைகளின் கம்பங்கள் நட்ட குழிகள்.

மதுரையில் ஒரு திருத்தம். திருவிளையாடற் புராணத்தில் பாம்பு வருவது நகரம் பிறந்தபோது அல்ல. ஊழி வெள்ளத்துக்குப் பிறகு பழைய எல்லை தெரியாமல் போய், பாண்டியன் இறைவனிடம் வேண்டுகிறான். அப்போது சித்தராக வந்த சிவன் தன் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை ஏவ, அது வாலை வாயால் கவ்வி வளைந்து எல்லை காட்டுகிறது. நகரம் முதலில் உண்டான கதை வேறு. மணவூர் வணிகன் தனஞ்சயன் கடம்பவனத்தில் இருட்டிப்போய்த் தங்குகிறான். நள்ளிரவில் தேவர்கள் ஒரு இலிங்கத்தைப் பூசிப்பதைக் காண்கிறான். அவன் போய்ச் சொன்ன பிறகுதான் குலசேகர பாண்டியன் காடு வெட்டி நகரம் எடுக்கிறான். அந்தக் காட்டுக்குள் வணிகர் நடக்கும் வழியும் இருந்தது, வழிபாடும் இருந்தது. அரசன் கடைசியில் வந்தவன்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் அனுராதபுரத்துக்கு வருவோம். அதைத் தலைநகராக்கியவன் பண்டுகாபயன் என்ற அரசன் என்கிறது இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம். அதே நூலைப் பொறுமையாகப் படியுங்கள். விஜயனோடு வந்த அனுராதன் கதம்ப நதிக்கரையில் முன்னமே ஊர் அமைத்துவிட்டான். அந்த ஆறுதான் நம் பக்கம் வரும்போது அருவியாறு. பிறகு இன்னொரு அனுராதன் குளம் கட்டி, அதன் தெற்கே மாளிகை எழுப்பி வாழ்கிறான். அந்தக் குளத்தை ஆழமாக்கி நீர் நிரப்பியதுதான் பண்டுகாபயன் செய்த வேலை. சேத்தியா என்ற யக்கினி, அதாவது இயக்கி, குதிரை வடிவில் திரிகிறாள். அவளைப் பிடித்து அவள்மேல் ஏறிப் போரில் வென்றவன், அவளை அரண்மனை வளவுக்குள்ளேயே குடிவைக்கிறான். யக்கர்களுக்கும் நகரத்தில் இடம் ஒதுக்குகிறான். விழா நாட்களில் சித்தராஜன் என்ற யக்கனைத் தனக்குச் சமமான ஆசனத்தில் இருத்துகிறான். எனக்கு இந்த ஓர் இடம் மிகவும் பிடிக்கும். மண்ணின் பழைய தெய்வங்களை விட்டுவிட்டு அங்கே ஆள முடியாது என்று அந்தக் கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அகழ்வாய்வும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. அனுராதபுரக் கோட்டைப் பகுதியின் அடி மண்ணில் கி.மு. 900 அளவிலேயே இரும்பு பயன்படுத்திய மக்கள் வாழ்ந்த தடயங்கள் உள்ளன. பண்டுகாபயனுக்குச் சொல்லப்படும் காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு.

உங்கள் மகனுக்கு இது விளங்க வீட்டிலேயே சான்று உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள், "நாங்கள் வந்தபோது வெறுங்காடு" என்பார்கள். அதே மூச்சில், முதல் போகத்துக்கு முன் உடைந்து கிடந்த பழைய குளக்கட்டைத்தான் கட்டினோம், துருசுக் கல், அதாவது மதகுக் கல், மண்ணுக்குள் அப்படியே இருந்தது, ஐயனார் கல் மரத்தடியில் இருந்தது என்பார்கள். வவுனிக்குளமும் அப்படித்தான், பழைய குளம் உடைந்து காடேறிக் கிடந்ததைப் பின்னாளில் திருத்தினார்கள். மகன் அம்மம்மாவிடம் இருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கட்டும். முதலில் யார் காடு வெட்டினார்கள் என்பதோடு நிறுத்தாமல், வெட்டியபோது என்ன கிடைத்தது என்றும் கேட்கட்டும்.

கேள்வி: மாதோட்டத்தை அமைத்தது யார்?
வாசகர், மன்னார்

பதில்: தேவதச்சனான துவட்டா பாலாவித் தீர்த்தத்தில் நீராடித் தவம் செய்து, திருக்கேதீச்சரத்து இறைவனிடம் வரம் பெற்று நகரம் அமைத்தான் என்பது புராணம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. துறைமுக நகரம், கைவினைஞரும் வணிகரும் நிறைந்தது, அதனால் அரசனை விட்டுத் தச்சனைத் தன் முதல்வனாகச் சொல்லிக்கொண்டதை நான் இயல்பாகவே பார்க்கிறேன். இரண்டு அகழிகள் சூழ்ந்த மாதோட்டத்து மேட்டை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980 முதல் தோண்டினார்கள். சீன மட்பாண்டத் துண்டுகள், மேற்காசிய மட்பாண்டத் துண்டுகள், மணிகள் எல்லாம் கிடைத்தன. 1984இல் போர்ச் சூழலால் வேலை நின்றது. அறிக்கை 2013இல்தான் நூலாக வந்தது. தோண்டியது மேட்டின் சிறு பகுதிதான். மீதியைத் தோண்டும்போது அந்தக் குழிக்குள் வன்னிப் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. தொல்லியல் படிக்க விரும்பும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.