இரண்டாவது ஆள் யார் என்று கேளுங்கள்

"அண்ணா, கொலம்பஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சுதான். ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், மற்ற நாலு பேரும் இந்த ஊர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். 'உங்களுக்கு அனுபவசாலிகள் எல்லாம் போய்விட்டார்கள்', 'எங்களுக்கு டெப்த் இருக்கிறது' என்று தினமும் சண்டை. 2025 சீசன் இன்னும் தொடங்கக்கூட இல்லை. கல்லூரிப் பையன்கள் விளையாட்டுக்கு இவ்வளவா? நான் தயிர்சாத டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, கட்டாயம் ஒன்றும் இல்லை. இங்கே இருபது வருடம் இருந்தும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் "கல்லூரிப் பையன்கள் விளையாட்டு" என்று மட்டும் அந்த மேசையில் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் கிளீவ்லாந்துக்கு அணி இருக்கிறது, சின்சினாட்டிக்கு இருக்கிறது, கொலம்பஸுக்கு இல்லை. இந்த ஊருக்கு அணி என்றால் ஒஹாயோ ஸ்டேட்தான். 1922இல் திறந்த அந்தக் குதிரை லாட வடிவ ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆன் ஆர்பர் என்ற ஊரில் மிச்சிகனுடைய ஸ்டேடியம் அதைவிடப் பெரியது, 1,07,601 இருக்கைகள். இந்த இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதியது 1897இல். இந்த ஆட்டத்துக்குத் தனிப்பெயர்கூட வைக்கவில்லை, வெறுமனே 'தி கேம்' என்கிறார்கள். அது போதும், புரிந்துவிடும்.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். 2014இல் என் மகளுக்கு முதல் பிறந்தநாள். நவம்பர் 29, சனிக்கிழமை. ஹால் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்கு ஊரையே அழைத்திருந்தேன். நல்ல ஹால், கேட்டவுடன் கிடைத்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வந்து இரண்டு வருடம் ஆகியும் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒருவரும் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன, அவர்களிலும் பாதிப் பேர் போனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு, பாத்திரம் கழுவும் நேரத்தில், ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். சிவப்புச் சட்டை, தொங்கிப்போன முகம். தோற்றுவிட்டீர்களா என்றேன். இல்லை, மிச்சிகனை 42-28 என்று ஜெயித்தோம் என்றார்கள். பிறகு ஏன் இப்படி? "ஜே.டி.க்குக் கணுக்கால் உடைந்துவிட்டது."

ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் பேசியதுதான் எனக்கு முதல் பாடம். அந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கி வீசித் தாக்குதலை நடத்துபவராக, இருக்க வேண்டியவர் ப்ராக்ஸ்டன் மில்லர். ஆகஸ்ட் பயிற்சியிலேயே அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. இரண்டாவது ஆளான ஜே.டி. பாரெட் வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் தோற்று, பிறகு தேறி, அணியை நவம்பர் வரை கொண்டுவந்தார். இப்போது அவரும் இல்லை. மிச்சம் இருப்பது மூன்றாவது ஆள், கார்டேல் ஜோன்ஸ். 'நாங்கள் ஆட வந்தோமா, பாடம் படிக்கவா வந்தோம்' என்று ட்விட்டரில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர். (பிற்பாடு 2017இல் ஒழுங்காகப் பட்டமும் வாங்கினார்.) ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஆளாக இறங்காதவர். அவரை நம்பி அடுத்த வாரம் விஸ்கான்சினுடன் மோத வேண்டும். என் நண்பர்கள் துக்க வீட்டில் பேசுவது போலத்தான் பேசினார்கள்.

விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார்கள். அதற்குப் பிறகு அலபாமாவை 42-35, ஜனவரி 12 அன்று இறுதி ஆட்டத்தில் ஒரேகனை 42-20. மூன்றாவது ஆளை வைத்து நாட்டுக்கே சாம்பியன் ஆனார்கள். இதைத்தான் டெப்த் என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 2021 ஜனவரி, பிரிஸ்பேன். முதல் வரிசைப் பந்துவீச்சாளர்கள் எல்லாரும் காயத்தில் உட்கார்ந்திருக்க, நெட்டில் பந்து போடப் போன நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட்டில் இறங்கி, நாம் ஜெயித்தோமே, அதுதான்.

ஆனால் கிரிக்கெட்டோடு ஒப்பிடுவதை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே அதே பதினொருவர்தான் மட்டையும் பிடிக்கிறார்கள், பந்தும் போடுகிறார்கள். இங்கே தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர், உதைப்பதற்கு வேறு ஆட்கள். முன்வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் 300 பவுண்டு சுமாருக்கு இருப்பார்கள், ஒவ்வொரு பந்துக்கும் முட்டிக்கொள்வார்கள். பன்னிரண்டு ஆட்டம் முடிவதற்குள் யாருக்காவது முட்டி போகும், யாருக்காவது தோள் இறங்கும். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாவது ஆள் என்று பெயர் எழுதிவைத்த பட்டியல்தான் டெப்த் சார்ட். 'டூ டீப்' என்று உங்கள் மேசையில் அடிபடுவது இதுதான்.

சரி, அனுபவம் பற்றி ஏன் வருடா வருடம் சண்டை? யாரும் நிலையாக இருப்பதில்லை, அதனால்தான். ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம், அவ்வளவுதான் கணக்கு. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால் என்எஃப்எல்லுக்குப் போகலாம். கெட்டிக்காரர்கள் மூன்றே வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். போதாததற்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2021 முதல் ஒருமுறை மாறி உடனே ஆடலாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று ஆகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன, வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. உதவித்தொகை 85 பேருக்குத்தான் என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்று புது வரம்பு வந்திருக்கிறது.

இதனால் என்ன ஆனது என்றால், நல்ல இரண்டாவது ஆளைப் பிடித்துவைப்பது கஷ்டமாகிவிட்டது. அவன் ஏன் காத்திருக்க வேண்டும்? வேறு கல்லூரிக்குப் போனால் அங்கே அவன்தான் முதல் ஆள். கார்டேல் ஜோன்ஸ் மாதிரி ஒருவர் மூன்றாவது இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார் என்று இன்று யாரும் எதிர்பார்க்க முடியாது. மறுபக்கம், அனுபவத்தைக் கடையில் வாங்குவது போல வாங்கலாம். ஒஹாயோ ஸ்டேட் 2024இல் அதைத்தான் செய்தது. கேன்சஸ் ஸ்டேட்டில் நான்கு வருடம் இருந்த வில் ஹாவர்டைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்தார்கள். அலபாமாவிலிருந்து சென்டர், அதாவது தாக்கும் முன்வரிசையின் நடுவில் நிற்பவர், சேத் மெக்லாக்லின் வந்தார். ஏற்கெனவே இருந்த ஜாக் சாயர் போன்ற மூத்தவர்கள், மிச்சிகனை ஒருமுறையாவது ஜெயிக்காமல் போகமாட்டோம் என்பது போல, என்எஃப்எல் பக்கம் போகாமல் இன்னொரு வருடம் தங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் அனுபவமும் இருந்தது, டெப்த்தும் இருந்தது.

அக்டோபரில் ஒரேகன் ஆட்டத்தில் இடது டேக்கிள் (அதே முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர்) ஜாஷ் சிம்மன்ஸுக்கு முட்டி போனது. நவம்பரில் பயிற்சியின்போது மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. டோனவன் ஜாக்சனைக் கார்டு இடத்திலிருந்து (சென்டருக்கும் டேக்கிளுக்கும் நடுவே) டேக்கிளுக்கு நகர்த்தினார்கள், கார்சன் ஹின்ஸ்மனைச் சென்டரில் வைத்தார்கள். நவம்பர் 30 அன்று மிச்சிகன் வந்தது. அந்த மிச்சிகனுக்கு அனுபவமே கிடையாது. முந்தைய வருடம் சாம்பியன் ஆன அணியிலிருந்து 13 பேரை என்எஃப்எல் எடுத்துக்கொண்டு போய்விட்டது, பயிற்சியாளர் ஹார்பாவும் போய்விட்டார். அன்றைக்கு அவர்களுடைய சிறந்த தடுப்பாளர் வில் ஜான்சனும் இல்லை, பந்து பிடிப்பதில் முக்கியமானவரான கோல்ஸ்டன் லவ்லண்டும் இல்லை. ஒஹாயோ இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றுதான் பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். முடிவு 13-10, மிச்சிகன் வெற்றி. அவர்களிடம் மிச்சம் இருந்த இரண்டு மலைகள், மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும், சரியாக ஒஹாயோவின் ஒட்டுப்போட்ட நடுவரிசைக்கு எதிரே நின்றார்கள். ஒஹாயோவும் பிடிவாதமாக அந்தச் சுவரிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, விடுங்கள்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அதே ஒட்டுப்போட்ட வரிசை மூன்று வாரம் சேர்ந்து பயிற்சி எடுத்தது. டென்னஸி, ஒரேகன், டெக்ஸஸ், கடைசியாக ஜனவரி 20 அன்று நோட்ர் டேம், எல்லாரையும் அடித்து ஒஹாயோ சாம்பியன் ஆனது. மிச்சிகன்காரரிடம் இதைச் சொன்னால், "ஆனால் எங்களிடம் தோற்றீர்களே" என்பார். 2021 முதல் 2024 வரை நான்கு வருடமும் அவர்களுக்குத்தான் ஜெயம். பதில் சொல்ல முடியாது, சாப்பாட்டைத் தொடர வேண்டியதுதான்.

இப்போது என் கருத்து. அனுபவமா டெப்த்தா என்று உங்கள் மேசையில் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள் பாருங்கள், அந்தப் பிரிவினையே சரியில்லை. இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு அனுபவம் என்பதுதான் கேள்வி. 2023இல் ஆன் ஆர்பரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மிச்சிகன் கேப்டன்களில் ஒருவரான ஸாக் ஸின்டருக்கு ஆட்டத்தின் நடுவே கால் எலும்பு முறிந்தது. வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள், மைதானமே அமைதியாகிவிட்டது. வலது டேக்கிளாக நின்ற கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து ஸின்டர் இடத்தில் நின்றார், டிரென்ட் ஜோன்ஸ் டேக்கிளுக்கு வந்தார். இருவருமே கல்லூரியில் ஐந்தாவது வருடம். அடுத்த பந்திலேயே பிளேக் கோரம் பந்தோடு 22 கஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். ஆட்டம் 30-24, அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்கே. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து வருடமாக அந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள், அதனால் நடந்தது. அதையே போர்ட்டலில் போன மாதம் வந்த ஒருவரை வைத்து யோசித்துப் பாருங்கள். நான் ஒஹாயோ பக்கம்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் மிச்சிகன்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வருடத்துக்கு, 2025க்கு, வருவோம். ஒஹாயோவிலிருந்து என்எஃப்எல் 14 பேரை எடுத்துக்கொண்டது. தடுப்பு முன்வரிசையில் நின்ற நால்வரும் அதில் அடக்கம். அதனால்தான் மிச்சிகன்காரர் துள்ளுகிறார். மற்ற நால்வரும் ஜெரமையா ஸ்மித் இருக்கிறார், கேலப் டவுன்ஸ் இருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள். அது சரியான பதில் இல்லை. அவர்கள் இருவரும் அபாரமானவர்கள்தான், ஆனால் ஒருவர் பந்து பிடிப்பவர், மற்றவர் தடுப்பில் பின்னால் நிற்பவர்; கேள்வி முன்வரிசையைப் பற்றியது. மிச்சிகன் பக்கமோ கிரஹாம், கிரான்ட் இருவரும் போய்விட்டார்கள். குவார்ட்டர்பேக்காக ப்ரைஸ் அண்டர்வுட் என்று இப்போதுதான் பள்ளி முடித்து வந்த பையனைப் பெரிதாகப் பேசுகிறார்கள். நாளை மதியம் நீங்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இடது டேக்கிளுக்கு இரண்டாவது ஆள் யார்? அவர் போன வருடம் எத்தனை ஆட்டம் இறங்கினார்?" இரண்டு கட்சிக்காரர்களும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஆட்டம் நடக்கும் வாரத்தில் நீலமும் மஞ்சளும் சேர்ந்த சட்டை வேண்டாம். அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள், பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளூர் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் 315 சாலைப் பக்கம் காரை எடுக்காதீர்கள்.

இந்த வருடம் ஆட்டம் ஆன் ஆர்பரில், மதியம் பன்னிரண்டு மணிக்கு. எங்கள் வீட்டில்தான் எல்லாரும் பார்ப்போம், நீங்களும் வாருங்கள். உங்கள் மிச்சிகன்காரரையும் அழைத்து வரலாம், அடிக்க மாட்டோம். தேதி மறுபடியும் நவம்பர் 29, சனிக்கிழமை. மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. கேக் ஐந்து மணிக்குத்தான் என்று அவளே சொல்லிவிட்டாள்.